வேணிக்குக் கால்கட்டு

வேர்க்கடலை மண்டிக்குள் இருந்தவர்கள் மூன்றே பேர். எங்கள் சொந்தக்காரர் தேவநாதன். அவர் மகள் கிருஷ்ணவேணி, பதினேழு வயது. அவளோடு பிளஸ் டூ படித்த இருதயமேரி. நான்காவதாக ஒருவர் இருந்ததாக யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

விளக்கைத் தணித்துவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள்.

எண்பத்தைந்தாம் வருஷம், சித்திரை மாதம். மத்தியானம் பன்னிரண்டு மணி... கூட்டேரிப்பட்டைத் தாண்டி, திண்டிவனம் போகும் சாலை. இந்தப் பக்கம் பஸ் இல்லை, அந்தப் பக்கம் லாரி இல்லை. தார் உருகும் வாடை. அதோடு கலந்து இன்னொரு வாடை.

காய்ச்சல் பரவிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. முதல் வாரம் செத்தவர்கள் மறுநாள்தான் எழுந்தார்கள். பிணத்துக்குக் கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது நம் வழக்கமல்லவா... அந்தக் கட்டோடு எழுந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. தத்தித் தத்தி வந்தார்கள். தொப்... தொப்... முடிச்சை அவிழ்க்கும் அறிவு அவர்களுக்கு இல்லை. அதனால் மற்றவர்கள் தப்பினார்கள். அடுத்த வாரம், மூச்சு நின்ற கையோடு எழ ஆரம்பித்தார்கள். கட்ட நேரமில்லை. காய்ச்சல் கண்டவர்களுக்கு உயிர் இருக்கும்போதே கட்டிவிட வேண்டியதாயிற்று.

அன்று காலை வேணியின் கண் சிவந்தது. மேரி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். அனல்.

"கட்டிடலாம்பா," என்றாள் வேணி.

தேவநாதன் மல்லாட்டை மூட்டை மேலிருந்து எழுந்தார். எங்கள் வீட்டார் யாருக்கும் தலை குனிந்தவர்கள் இல்லை.

"பொணத்துக்குக் கட்றத உயிரோட இருக்கிற பொண்ணுக்குக் கட்றதா? எந்த வீட்டுப் பொண்ணுன்னு நெனச்சிக்கினு பேசற? உடம்பு சூடு, வேற ஒண்ணுமில்ல. மோர் குடிச்சா போய்டும்."

"எங்க வீட்லயும் மோர்தாம்பா குடுத்தோம்," என்றாள் மேரி. அவள் வீட்டில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

பதினொரு மணிக்குத் தேவநாதன் சாய்ந்து கண்ணயர்ந்தார். மூன்று நாளாகத் தூக்கமில்லாத மனிதர். வேணி தன் சடையிலிருந்து ரிப்பனை உருவி நீட்டினாள்.

"வைகாசியில எனக்குக் கால்கட்டுப் போடணும்னு அப்பா மாப்ள பார்த்துக்கினு இருந்தாரு. நீ முந்திக்கோடி."

"சும்மா இருடி." மேரி ரிப்பனை வாங்கிக்கொண்டாள். "சாக்கு ரேஸ்ல நீதானே பர்ஸ்ட்டு. கட்டினாலும் என்னைப் புடிச்சிடுவ."

"அதான் கெட்டியா கட்டுன்றேன். நான் எழுந்தா பேர் சொல்லிக் கூப்பிடாத. ஓடிடு. அப்பாவையும் இழுத்துக்கினு போ."

மேரி இரட்டை முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். ரிப்பனில் தேங்காயெண்ணெய் வாசம். பிறகு வேணியின் நெற்றியில் கை வைத்தபடியே அவளும் கொஞ்சம் கண் மூடிவிட்டாள். அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்கு விழித்தபோது வேணி படுத்திருந்த சாக்கு காலி. மூட்டை வரிசைக்குப் பின்னாலிருந்து மல்லாட்டைத் தோல் நொறுங்கும் ஒலி... தொப் தொப் என்று அல்ல.

சரக்... ஒரு கால்.

சரக்... இன்னொரு கால்.

தேவநாதன் எதிரே போய் நின்றார். "வாம்மா," என்றார். மெதுவாக.

மேரி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. அவள் மூட்டைகள் மேல் ஏறி, மேலே இருந்த சன்னல் வழியாகச் சாலையில் குதித்தாள். பின்னால் அவர் கத்தவே இல்லை... வேறு ஒலிதான் கேட்டது.

விழுப்புரம் வரை நடந்தாள். மிச்சமிருந்தவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் நாள் அவளுக்கும் காய்ச்சல். யாரும் வாய் திறக்கும் முன்பே இரண்டு காலையும் சேர்த்து நீட்டினாள்.

அந்தப் பெண் கட்டியது சரியில்லை, முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது என்று எங்கள் சொந்தக்காரர்களே சொல்லித் திரிகிறார்கள். பொய். அவிழ்த்தவர் தேவநாதன். பிற்பாடு சாலையில் அவரும் செத்தெழுந்து எங்கள் எதிரே வந்தபோது, ரிப்பன் நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் இருந்தது.