ராபிள்ஸ் சலூன்

ஆமா ஐயா, போர்டுல போட்டிருக்கறது என் பேருதான். சத்தியமா லா. சிரிக்காதீங்க, சோப்பு நுரை வாய்க்குள்ள போயிடும்.

அப்பா பேரு சேதுபதி. ராமநாதபுரத்து ராஜாக்களோட பட்டப்பேரு. ராஜா வீட்டுக் குதிரைக்குக்கூட எங்க வீட்டைத் தெரியாது, அது வேற. இங்க சிங்கப்பூருக்கு வந்து விக்டோரியா மண்டபத்து வாசல்ல கூட்டுற வேலை பார்த்தாரு. அங்கதான இந்த ஊரை உண்டாக்கின ராபிள்ஸ் துரை சிலை? அந்த மனுசன் கையைக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கிறாரு, ஊரே அண்ணாந்து பார்க்குது, நம்ம புள்ளையும் அப்படி இருக்கட்டும்னு எனக்கு வச்சுட்டாரு. அப்பன் ராஜா, மவன் துரை. ஆளுற நாடு இந்த ரெண்டு நாற்காலி.

ஊரெல்லாம் என் பேருதான் ஐயா. துணிமணிக்கு ராபிள்ஸ் பிளேஸ், வெள்ளைக்காரன் தங்க ராபிள்ஸ் ஹோட்டல், கெட்டிக்காரப் பசங்களுக்கு ராபிள்ஸ் ஸ்கூல். நடுக்கடல்ல ஒரு வெளக்குக்கும் அதே பேரு. ஒரு பூவுக்குக்கூட வச்சிருக்காங்கன்னு ஒரு வாத்தியார் சொன்னாரு. பெருமையா, வாசம் எப்படி சார்னேன். செத்த எலி மாதிரின்னாரு.

ஜப்பான்காரன் காலத்துல இந்தப் பேரைச் சொன்னா கன்னம் பழுத்துடும்னு, அவன் போற வரைக்கும் நான் வெறும் ராசு.

கொஞ்சம் நாடியைத் தூக்குங்க. ம், அப்படியே.

கடைக்குப் போன் வாங்கினேன் பாருங்க, அங்க பிடிச்சது வினை. டெலிபோன் புஸ்தகத்துல பேரைப் பார்த்துட்டு, கடல் பார்த்த ரூம் இருக்கான்னு ஒருத்தன் கேப்பான். சாக்கடை பார்த்த நாற்காலி இருக்கும்பேன். புள்ளைக்கு இடம் கிடைக்குமான்னு ஒரு அம்மா அழுவாங்க. கிடைக்கும்மா, ஒட்ட வெட்டி அனுப்புறேம்பேன். பொறுக்க முடியாம டெலிபோன் ஆபிசுக்கே கூப்பிட்டுக் கத்தினேன். அந்தப் பக்கம் ஒரு பொம்பளைக் குரல், நல்ல யாழ்ப்பாணத் தமிழ்ல, நீங்க ஹோட்டலோ, பள்ளிக்கூடமோன்னு கேட்டிச்சு. முடிவெட்டுறவன்னு சொன்னேன். சிரிச்சாங்க பாருங்க, நான் திட்ட வந்ததையே மறந்துட்டேன்.

மறுநாள் லைன் சரியா இருக்கான்னு கேட்டு அவங்களே கூப்பிட்டாங்க. அதுக்கு மறுநாளும். அப்புறம் லைன் எப்படியிருக்குன்னு யாரும் கேக்கல.

காத்தோங் கடற்கரையில மொதமொதல்ல பார்த்தோம். பேரைக் கேட்டுட்டு சிலை கணக்கா ஒருத்தன் வருவான்னு நெனச்சிருக்கும் போல. நான் அவங்க தோளுக்குத்தான் வந்தேன். பரவாயில்ல, குனிஞ்சு பேசுறேன்னிச்சு.

அய்யய்யோ, திமிறாதீங்க! கத்தி, கத்தி. இருங்க, கீழ வச்சுட்டேன். இப்ப மூச்சு விடுங்க.

ஆமா ஐயா. அந்த டெலிபோன் குரல் உங்க மக யோகம்தான்.

நேத்து ரிஜிஸ்தர் ஆபிஸ்ல கையெழுத்துப் போட்டுட்டோம். வீட்டு வாசல்ல வந்து முறையாக் கேட்டிருக்கலாம்தான். முடிவெட்டுறவன்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள கதவைச் சாத்தியிருப்பீங்க. இந்த சலூனுக்குப் போங்கப்பான்னு அது உங்களை அனுப்பினதே இதுக்குத்தான். அப்பா கோபக்காரர், ஆனா பாதி சவரத்தோட ரோட்டுல எறங்க மாட்டார்னு சொன்னிச்சு. ஒரு கன்னம் முடியற வரைக்கும் நான் எதையாவது உளறிக்கிட்டே இருக்கணும், அதான் ஏற்பாடு.

அந்தா, எதிர்ப் பூக்கடையில நிக்குது பாருங்க. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல. அப்பா முகத்தைப் பார்க்காம ஒரு வாய் எறங்காதாம்.

கையைத் தூக்குறீங்களே… அடிக்கவா, கூப்பிடவா? அடிக்கறதுன்னா என்னோட நிறுத்திக்குங்க.

கூப்பிடுறீங்களா?

யோகம், உள்ள வா. அப்பா கூப்பிடுறாரு.

கண்ணைத் தொடைச்சுக்குங்க மாமா. சோப்புதான், எரியும்.