மூடாத பூக்கூடை

வானம் தவறாமப் பேஞ்ச காலம் அது. அந்தக் காலத்துல செவக்காட்டுப்பட்டியில ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் காய்ச்சல்ல போயிட்டான். பிள்ளை இல்ல. அவளுக்குன்னு இருந்தது கம்மாக்கரை ஓரத்துல ஒரு துண்டுப் பூந்தோட்டம், அப்புறம் ஒரு தம்பி. தம்பி பேரு பெருமாயன். ஆத்தா செத்ததுலேருந்து அவளே ஊட்டி வளத்த தம்பி.

தோட்டம் அம்மன் தோட்டம். தை மாசத் திருவிழாவுல யாரு பூ அம்மன் கழுத்துல ஏறுதோ, அவங்க அதுல பாடுபட்டுப் பொழச்சுக்கலாம். ஏறலைன்னா எறங்கிக்கிடணும். அதுதான் ஊர்க்கட்டு.

ஒச்சம்மா செவ்வந்தி போடுவாளாம். கோடை வெயில்ல தாய்ச்செடிய வேப்பமரத்து நெழல்ல வச்சு, குடத்துத் தண்ணி ஊத்திக் காப்பாத்துவாளாம். ஆடியில பக்கக் கன்னப் பிரிச்சு நடுவாளாம். நட்டு, கொழுந்தக் கிள்ளிக் கிள்ளி விடுவாளாம்.

"ஏன்க்கா, நல்லா வளர்றதப் போயிக் கிள்ளுற?"

"கிள்ளுனாத்தாண்டா கெளைக்கும், கூறு கெட்டவனே!"

பெருமாயனுக்குப் பொண்ணு கேட்டுப் போனாங்க. பொண்ணு வீட்டுல, "மாப்பிள்ளைக்குன்னு என்ன இருக்கு? அக்கா தோட்டத்துக் கஞ்சியா?"ன்னு கேட்டுப்புட்டாங்களாம். அத வந்து சொல்லிச் சிரிச்சான். அவளும் சிரிச்சா. அவன் சிரிப்பு வேறன்னு அவளுக்குத் தெரியல.

திருவிழா அன்னிக்கு விடியுமுன்னே ரெண்டு பேரும் பூப் பறிச்சாங்க. அவ மேக்க, அவன் கெழக்க. பனிப்பூவ ஈரத்தோட அமுக்கி வச்சா வெம்பிப் போகும். அதனால ஒச்சம்மா பாயில ஒதறிக் காயப் போட்டா. இனி குளிச்சிட்டுத்தான் கூடையத் தொடணும்.

"வெந்நி கொதிக்குதுக்கா, பச்சத்தண்ணி வெளாவிக் குளி. நான் கம்மாயில முங்கியாச்சு, பூவ நான் அள்ளி வைக்கிறேன்."

"அடேயப்பா! நீ பொறந்ததுக்கு இன்னிக்குத்தாண்டா எனக்கு வெந்நி போட்டிருக்க."

"பனியில நடுங்குறியேன்னு போட்டா, பேச்சப் பாரு!"

குளிச்சிட்டு வந்தா. கூடைய வெள்ளத் துணி போட்டுக் கட்டி வச்சிருந்தான். கட்டுன துணியச் சாமி முன்னாலதான் அவுக்கணும். அப்ப அதுதான் வழக்கம். தம்பி தூக்கி விட்டான், அவ நடந்தா. நடக்க நடக்கத் தலையில கதகதன்னு சூடு எறங்குச்சாம். வெயிலுன்னு நெனச்சா. கன்னத்துல தண்ணி சொட்டுச்சாம். பனின்னு நெனச்சா. தம்பி கட்டிக் குடுத்த கூடையாச்சே, வேற என்ன நெனப்பா?

கோயில்ல பூசாரி துணிய அவுத்தாரு. ஆவி வந்துச்சாம். பூவெல்லாம் வெந்த கீரையாட்டம் கருத்துக் கொழஞ்சு கெடந்துச்சாம்.

"என்ன தாயி, சாமிக்குப் பூக் கொண்டாந்தியா, கொழம்பு கொண்டாந்தியா?"

கூட்டம் சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே பெருமாயன் இன்னொரு கூடையோட வந்து நின்னான்.

"அக்கா பூ ஆகலைன்னா என்ன? இந்தா, என் பூ."

பளபளன்னு பொன்னாட்டம் பூ. கெழக்க அவன் பறிச்சு ஒளிச்சு வச்சது. அத்தனையும் அவ கிள்ளி வளத்த செடியில பூத்தது.

ஒச்சம்மா பூவப் பாக்கல, தம்பி மொகத்தப் பாத்தாளாம். "பெருமாயா, அந்த வெந்நி எனக்காகப் போட்டது இல்லையாடா?"

அவன் தல குனிஞ்சான். தோட்டம் போனதுக்கு அழாதவளுக்கு, அதக் கேக்கையிலதான் கொரல் ஒடஞ்சுச்சாம்.

ஊருக்கு அப்பத்தான் வெளங்குச்சு. "அவனுக்கு என்ன தண்டனை, நீயே சொல்லு தாயி"ன்னாரு பூசாரி.

"சாமி கழுத்து வெறுமையா இருக்க வேணாம். அவன் பூவையே சாத்துங்க. கட்டுப்படி அவனே பொழச்சுக்கட்டும். ஆனா இனிமே இந்தக் கோயிலுக்குப் பூவ மூடிக் கொண்டாராதீங்க. வழியில நிக்கிற பொம்பளைங்க கைய விட்டுப் பாக்கட்டும். நான் பாக்காம விட்டேன்."

சொல்லிட்டு ஈரச்சேலையோட வடக்க பாத்து நடந்தாளாம். போனவ போனவதான்.

அதனாலதான் செவக்காட்டுப்பட்டியில மழை கொட்டுனாலும் வெயில் காஞ்சாலும் அம்மன் பூக்கூடைய மூடுறதில்ல. தெரு முக்குக்கு முக்கு ஒரு பொம்பள மறிச்சுப் பூவுக்குள்ள கைய விடுவா. "குளுந்திருக்கா?"ன்னு ஊர் கேக்கும். "குளுந்திருக்கு"ன்னு அவ சொன்னாத்தான் கூடை நகரும். இன்னிக்கும் கூடை சொமக்குறது பெருமாயன் வம்சந்தான். ஆனா ஊர் கேக்குற அந்தக் கேள்விக்கு அவங்க வாயத் தொறக்கக் கூடாது.