பிரிவு ஒன்பது: ஞாயிறு உலா

ஆபீஸில் எனக்குக் கொடுத்திருந்த நாற்காலிக்கு ஒரு கை கிடையாது. நான்கு வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை புகார் சொன்னவனில்லை நான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், யாருக்கும் தொந்தரவு கொடுக்கிற ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கு முதலிலேயே தெரிந்துவிட வேண்டும்.

பெயர் கீர்த்திவாசன். வயது இருபத்தேழு. சொந்த ஊர் கோயம்புத்தூர். குன்னூருக்கு மேலே இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். ஒப்பந்தம், நோட்டீஸ், படிவம் என்று தோட்டத்தில் எதை எழுதினாலும் அது என் கையால் வருவதுதான். பிரிவு ஒன்பதையும் நான்தான் எழுதினேன்.

பழைய ஒப்பந்தத்தில் அது ஒரே வரி: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் இரட்டைச் சம்பளம். மழைக்குப் பிறகு கொழுந்து மடமடவென்று வரும் மாதங்களில் ஞாயிறு பறிக்காமல் விட்டால் இலை முற்றிவிடும். பறித்தால் சம்பளம் முற்றிவிடும். மேனேஜர் லிங்கசாமி ஒருநாள் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனப்பா கீர்த்தி, இந்த ஞாயித்துக்கெழமைய ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"கெழமைய எடுக்க முடியாதுங்க சார். வேலைய வேணா எடுத்துறலாமுங்க."

"வேலைய எடுத்துட்டா எலைய யாரப்பா பறிக்கறது?"

"அவிங்களேதானுங்க."

அன்று சாயங்காலம் எனக்கு வர்க்கியும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பெரிய மனசு.

பிரிவு ஒன்பது இப்படிப் போகும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது. அன்று நடப்பது இயற்கை உலா. விருப்பமுள்ளவர்கள் வரலாம். வருகிறவர்கள் கூடை கொண்டுவரலாம். வழியில் கைக்கு எட்டும் கொழுந்தைப் பறிக்கத் தடையில்லை. இருபத்தைந்து கிலோவுக்குக் குறைந்தால் உலா முழுமை பெறாது. உலாவைக்கூட முழுமையாக்க முடியாத உடல்நிலையில் இருப்பவர்களை மறுநாள் வேலைக்குச் சேர்ப்பது அவர்களுக்கே நல்லதல்ல என்பதால், திங்கட்கிழமை வேலை தரப்பட மாட்டாது. முடிவில் ஆளுக்குக் கால் கிலோ டீத்தூள் அன்பளிப்பு. இயற்கையோடு ஒன்றுவதற்கு வசதியாக, செல்போன்களை ஆபீஸ் தட்டில் வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் "என் சொந்த விருப்பத்தில் உலா வந்தேன்" என்ற படிவத்தில் கையெழுத்து.

அறுபத்திரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். ராஜகுமாரி அக்கா மட்டும் போடவில்லை. ஐம்பத்தொரு வயது. பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். எங்கள் தோட்டத்தில் அவர் கைக்கு ஈடான கை கிடையாது. பிரிவைப் படித்துக் காட்டிய கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"சும்மா நடக்கத்தான் வரச் சொல்றீங்களா தம்பி?"

"ஆமாங்க்கா."

"அப்ப கூடைய லயத்து வீட்டுல வச்சுட்டுக் கைய வீசிக்கிட்டு வாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திங்கட்கிழமையைப் பற்றிய வரியை இன்னொரு முறை படித்தேன். சிரிப்பு நின்றது.

"அதான பாத்தேன்," என்றார். "அங்க இலங்கையில எங்கப்பா காலத்துல ஞாயித்துக்கெழம கொழுந்து எடுத்தா கைக்காசு குடுப்பாங்களாம். நீங்க டீத்தூளு குடுக்குறீங்க. அதுவும் நாங்க எடுத்ததுதான். சம்பளத்துக்குத்தான் தம்பி நான் கையெழுத்துப் போடுவேன்."

ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் கூடையோடு வந்துவிடுவார். மகள் மனிஷா கோவையில் நர்சிங் படிக்கிறாள்; திங்கட்கிழமை வேலை அவருக்கு வேண்டியிருந்தது. நாற்பது கிலோ எடுப்பவர் என்பதால் கையெழுத்து விஷயத்தை நானும் ஏழு மாதம் கண்டும் காணாமல் விட்டுவிட்டேன். என்மேல் ஒரு தவறு உண்டென்றால் அந்த இரக்கம்தான்.

போன ஞாயிறு, காலை பத்தரை மணி. நல்ல மூடுபனி. ஓடைப் பக்கத்துத் தேயிலைக் காட்டில் அக்கா பறித்துக்கொண்டிருந்தபோது ஒரு காட்டெருமை ஏறி வந்து அவரை முட்டிவிட்டது. கொம்பு தொடையில் இறங்கியிருந்தது. மேல் பாதையில் இருந்த நான் சத்தம் கேட்டு ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது, அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த வனிதா, தன் தலைத்துணியை அவிழ்த்து அவர் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். துணி போதவில்லை.

"வண்டிதான் நிக்குதுல்ல சார், தூக்கிப் போடுங்க. என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

நான் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை, மேடம். யோசித்துக்கொண்டு நின்றேன். படிவத்தில் கையெழுத்து இல்லையென்றால் அக்கா உலா வந்தவர் ஆகமாட்டார். தோட்டத்தில், கூடையோடு, ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தவர் ஆகிவிடுவார். அவர் செய்தது வேலையென்றால் மற்ற அறுபத்திரண்டு பேர் ஏழு மாதமாகச் செய்ததும் வேலைதான். ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியே, என்ன செய்துகொண்டிருந்தபோது அடிபட்டது என்பதாகத்தான் இருக்கும். பதில் முதலில் தயாராக இருக்க வேண்டும் இல்லையா?

படிவம் ஆபீஸில் இருந்தது. ஆபீஸ் மூன்று கிலோமீட்டர். அதனால் ஜீப்பை நான் எடுத்துப்போனேன்.

டிரைவர் செல்லதுரை, "ஏனுங்க சார், ஆஸ்பத்திரிக்குத்தானுங்க மொதல்ல போவோணும்?" என்று கேட்டான். "அஞ்சு நிமிசம்ப்பா," என்றேன். அக்காவையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அந்தப் பாதை முழுக்கப் பள்ளம். அடிபட்டவரை அனாவசியமாக அலைக்கழிக்கக் கூடாது.

ஆபீஸில் கரண்ட் இல்லை. வரும்வரை காத்திருந்தேன். வந்த பிறகு பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டது. தட்டில் இருந்த செல்போன்களில் ஒன்று அடித்தது; "மனிஷா" என்று வந்தது. நின்று, மறுபடி அடித்தது. நான்கு தடவை. அடுத்தவர் போனை எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. படிவத்தை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று அவருக்கு. அது அவர் உரிமை.

திரும்பி வந்தபோது பதினொன்றரை. குன்னூருக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். நான் மறுக்கவில்லை. அந்த அரை மணி நேரத்தை எடுத்தது நான்தான். கரண்ட்டையும் பிரிண்டரையும் குறை சொல்ல மாட்டேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் வனிதா கொடுத்திருக்கிற வாக்குமூலத்தில் ஒரு வரி அபாண்டம். நினைவில்லாத மனுஷியின் விரலைப் பிடித்து நான் ரேகை வைத்தேனாம். அப்படிப்பட்ட ஆள் இல்லை நான். பேனாவை அக்காதான் பிடித்தார். முழு நினைவோடு, சொந்த விருப்பத்தில்தான் போட்டார். காகிதத்தை நீட்டியதும் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற ஜீப்பைப் பார்த்தார், "போட்டாத்தான் ஏத்துவீங்களா தம்பி?" என்று தெளிவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். தயங்கவே இல்லை, மேடம். உடனே போட்டுவிட்டார்.