ஹேசலுக்கு இடுப்பு சரியில்லன்னு சொன்னேன்

முதல்ல அந்த ஷாக் பட்டன்லேருந்து விரலை எடுங்கம்மா. எடுத்தாச்சா? ஆங். நம்ம கிளப்பு லைல் கத்துவான், கத்தட்டும். அவன் வாய்க்கு விஸ்கான்சின் முழுக்கத் தேடினாலும் பூட்டு கிடைக்காது. உக்காருங்க, காப்பி ஊத்துறேன்.

அட, இதுக்குப் போயி யாராவது கூனிக்குறுகுவாங்களா? புதுசா வர்றவங்களுக்குன்னு வேட்டைநாய் கிளப்பு நடத்துற பயிற்சி நாள்தானே, போட்டியா என்ன? உங்க நாய் ஓட்டிஸ் முதல் வாத்தை அழகா எடுத்தாந்தானே. அந்த வெள்ளைக் கோட்டுக்காரர் செத்த வாத்தை வீசுனதைக் கண்ணால பார்த்தான், நேரா போனான், கவ்விக்கிட்டு வந்தான். ரெண்டாவதுதான் கஷ்டம். ஒளிச்சு வெச்ச வாத்து, இருக்கிற இடம் நமக்கு மட்டும்தான் தெரியும். ஓடுற நாயை ஒரு விசில்ல உக்கார வெச்சு, அது நம்மளைத் திரும்பிப் பார்க்கறப்ப கையைக் காட்டி அனுப்பணும். இவன் உக்காரல. அவ்வளவுதானே?

தெரியும், லைல் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. விசிலுக்கு உக்காராத நாய் உங்களை மதிக்காத நாய், கழுத்துப்பட்டையில ஒரு ஷாக் குடுங்கன்னான். அவனைச் சொல்லிக் குத்தமில்ல. நானே எத்தனை பேருக்கு இதைச் சொல்லிக் குடுத்திருக்கேன்!

என் நாயா? அதோ, பச்சை வண்டி ஜன்னல்ல மூக்கை வெச்சிருக்கா பாருங்க, ஹேசல். ஒன்பது வயசு. இல்லீங்க, போட்டிக்கெல்லாம் இப்ப ஓட்டுறதில்ல. இடுப்பு சரியில்லன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். பொய். இடுப்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு.

இன்னும் ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருந்தா சாம்பியன் பட்டம். அந்த நேரம் பார்த்து விசிலை மதிக்காம ஓட ஆரம்பிச்சா. வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் நாளுக்கு ஒரு தடவை. திமிருன்னு நினைச்சேன். வயசாச்சுல்ல, எஜமானையே எடை போடுறான்னு நினைச்சேன். ஷாக்கை ஏத்திக்கிட்டே போனேன். ஒவ்வொரு தடவையும் உக்காந்துட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பா. என்ன தப்பு பண்ணேன்னு கேக்குற மாதிரி இருக்கும். எனக்கு அதுவும் திமிராத்தான் தெரிஞ்சுது. மனுஷனா நான்!

போன செப்டம்பர்ல இதே மாதிரி புதியவங்க நாள். சனிக்கிழமை. பழகுன நாய் எப்படி வேலை செய்யும்னு காட்ட எங்களைத்தான் கூப்பிட்டாங்க. இருபது முப்பது பேரு, கையில சாசேஜ் ரொட்டியோட நின்னு பார்க்குறாங்க. ஹேசலைக் குளத்துக்கு அந்தப் பக்கம் அனுப்புனேன். விசில் அடிச்சேன், போயிட்டே இருக்கா. திரும்ப அடிச்சேன், ம்ஹூம். என்னப்பா டுவேன், நாய் உன்னை ஓட்டுதா, நீ நாயை ஓட்டுறியான்னு லைல் கேக்க, எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. நான் அமுக்கிட்டேன். ஷாக்கைக் கடைசி எண்ணுல வெச்சு அமுக்கிட்டேன். அவ கத்துனது இந்த மேடு வரைக்கும் கேட்டுது.

ஆமா, நாய் டாக்டரம்மாகிட்ட காட்டினேனே. அவளுக்குப் பின்னாடி ஒரு இரும்புத் தட்டைத் தரையில போட்டாங்க. நான் துள்ளிட்டேன். அவ பிஸ்கட் வருமான்னு என் பாக்கெட்டையே பார்த்துக்கிட்டு நிக்கிறா. காது போயிருச்சும்மா, ரெண்டும். பக்கத்துல நின்னு பலமா விசில் அடிச்சாத்தான் ஏதோ கொஞ்சம் கேக்கும். துப்பாக்கிச் சத்தம்னாங்க. யாரு துப்பாக்கி? ஏழு வருஷமா அவ தலைக்கு மேலயே நீட்டி நீட்டிச் சுட்டது நான்தானே.

அதனால கேட்டுக்குங்க, நாளைக்கு ஓட்டிஸுக்குப் பின்னாடி நின்னு கை தட்டிப் பாருங்க. காது அசைஞ்சா பொடிப்பய குறும்பு, பொறுமையா சொல்லிக் குடுத்துக்கலாம். பட்டனை மட்டும் யார் சொன்னாலும் அவசரப்பட்டுத் தொட்டுராதீங்க.

ஐயோ, அப்படிச் சொல்லி என்னைத் தேத்தாதீங்கம்மா. தெரியாமப் பண்ணேன்னு எல்லாம் இல்ல. டாக்டரம்மாகிட்ட போனது அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் இல்லீங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வியாழக்கிழமை. கேக்காதுன்னு தெரியும் எனக்கு. எல்லாரும் சிரிச்சாங்கல்ல, அதான் அமுக்கினேன்.