லிஃப்டுக்குள் எட்டுத் துண்டுப் பாண்

"படு! படு!"

கத்துவது நான்தான். பன்னிரண்டு மணி ஏழு நிமிடம். முதல் வெடி. லிஃப்டின் இரும்புக் கம்பிகள் அதிர்கின்றன. இரண்டாவது. மூன்றாவது. இடைவெளி இல்லை. கிழவரின் கழுத்தைப் பிடித்துக் கீழே அமத்துகிறேன். அவர் மேல் நான் கிடக்கிறேன். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். காது அடைக்காமலிருக்க அப்படிச் செய்யவேண்டும். அண்ணன் சொல்லித் தந்தது. அது வன்னி. இது பலெர்மோ.

2014. ஆகஸ்ட். ஞாயிற்றுக்கிழமை. விழுவது செல் குண்டு இல்லை. வாணவெடி. இந்தத் தெருவின் புனிதருக்குத் திருவிழா. சிசிலிக்காரருக்கு வாணத்தில் வெளிச்சம் முக்கியமில்லை. சத்தம் போதும். நடுமத்தியானம் வெயிலில் கொளுத்துவார்கள். இதெல்லாம் என் மூளைக்குத் தெரியும். முழங்காலுக்குத்தான் இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

பன்னிரண்டு எட்டு. பெரிய வெடி ஒன்று. மின்சாரம் போனது. லிஃப்ட் ஒருமுறை விக்கி நின்றது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். கம்பிக்கு அந்தப் பக்கம் சுவர். சுவரில் ஒரு பல்லி. அது எங்களைப் பார்த்தது. எங்கள் நிலைமையோடு பார்த்தால் அது சுதந்திரமாக இருந்தது.

கிழவரின் பெயர் பெத்ரித். அல்பேனியர். எண்பத்துநாலு வயது. அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, பல்லரோச் சந்தைக்கு நடத்திக்கொண்டு போவது. எங்கள் ஊரில் தாத்தாவைக் கூப்பிடுவதுபோல நான் அவரை 'அப்பு' என்பேன். அதற்கு என்ன அர்த்தம் என்று ஒருநாள் கேட்டார். முதலாளி என்றேன். அன்றிலிருந்து வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். நாங்கள் பேசுவது இத்தாலியன். இரண்டு பேருடைய இத்தாலியனும் நொண்டி. இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

மேலே நாலாம் மாடியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒன்று, அவருடைய மகள் மீரா. எங்கள் பெயர்தான், அவர்களிடமும் இருக்கிறது. மற்றது, அல்பேனியாவிலிருந்து வந்த ஒரு பெண். கையில் ஒலிப்பதிவுக் கருவி. அந்த நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்தபோது சிறைமுகாமில் இருந்தவர்களைத் தேடித் தேடிப் பேச வைப்பவள். அவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அவள் அவசரத்தில் ஓடித் திரிகிறாள்.

அவளிடம் ஆறு பெயர்கள் இருந்தன. ஐம்பதுகளின் தொடக்கம். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டும் முகாம். அப்புவோடு ஒரே பலகைத் தட்டில் படுத்த ஆறு பேர். முகாமின் பதிவுக் கொப்பியில் ஆறு பேருக்கும் நேரே ஒரே வார்த்தை. 'தப்பியோடினார்.' தப்பியோடியவனின் குடும்பத்துக்கு அந்த ஆட்சியில் வேலை இல்லை, படிப்பு இல்லை. பிணமும் வரவில்லை. அந்தத் தட்டில் படுத்தவர்களில் உயிரோடு மிஞ்சியது அப்பு மட்டும். அவர்கள் எப்படிச் செத்தார்கள், எங்கே கிடக்கிறார்கள் என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும்.

இரண்டு நாளாகக் கேட்டாள். ஒவ்வொரு பெயராக வாசித்தாள். அப்பு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒரே பதில்.

"எல்லாரும் இருக்கினம்."

அவள் அடுத்தநாள் காலை திரும்பிப் போகவேண்டும். அன்று பின்னேரம்தான் கடைசி முயற்சி. அதற்குமுன் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போனேன். பேக்கரியில் எள்ளுப் போட்ட பாண் ஒன்று வாங்கினேன். திரும்பி வந்து லிஃப்டில் ஏறினோம்.

பன்னிரண்டு பதினேழு. வெடி நின்றது. மேலிருந்து மீரா தகப்பனைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

"பாப்பா! பாப்பா! ஒண்டும் நடக்கேல்லையே?"

"முதலாளி சுகம், சின்யோரா! நான்தான் நசிஞ்சு போனன்!"

"பகிடி விடாதை! கம்பிக்கு வெளியிலை கையை நீட்டாதையுங்கோ! கரண்ட் திடீரெண்டு வரும்!"

"லிஃப்ட்காரன்?"

"மொண்டெல்லோக் கடற்கரையிலை நிக்கிறானாம். ரெண்டு மணித்தியாலம் எண்டு சொல்லுறான்."

"குளிச்சுப்போட்டே வரட்டும். உப்போடை வந்தால் கம்பி கறள் பிடிக்கும்."

அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. கதவு சாத்தும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

அந்த ஒன்றும் இல்லாத நேரம்தான் எனக்குப் பயம். செல்லடி நிற்கும். மண் கொட்டுகிற சத்தம் நிற்கும். அப்போது பங்கர் குழியின் மற்ற மூலையிலிருந்து அண்ணன் கேட்பான். "பொடியா, இருக்கிறியா?" நான் "இருக்கிறன்" என்பேன். ஒவ்வொரு தடவையும். 2009, சித்திரை. அம்மா காலில் காயத்தோடு முன்னமே செஞ்சிலுவைக் கப்பலில் போய்விட்டாள். அப்பா அதற்கு முதலே இல்லை. பங்கரில் நானும் அண்ணன் குகனும். எனக்குப் பதினைந்து. அவனுக்கு இருபது. ஒருநாள் பகிடிக்குப் பதில் சொல்லாமல் இருந்தேன். தவழ்ந்து வந்து என் வாயைத் தடவிப் பார்த்தான். நான் சிரித்தேன். கன்னத்தில் ஒன்று தந்தான். இப்போதும் அந்தக் காது கொஞ்சம் மந்தம்.

லிஃப்டுக்குள் என் வாய் தானாகக் கேட்டது.

"இருக்கிறீங்களா?"

அப்பு எழுந்து உட்கார்ந்தார். முதுகு நேராகியது. அல்பேனியனில் ஒரு சொல் சொன்னார். 'இருக்கிறேன்' என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். நான் சிரித்தேன். அவர் நிறுத்தவில்லை. அதே சொல்லை மறுபடி சொன்னார். இருமலோடு. பிறகு மூக்கால். பிறகு திக்கித் திக்கி, மூன்று தடவை முட்டி, நாலாவதில் வெளியே வந்தது. பிறகு கீச்சுக்குரல் பொடியன் ஒருவனைப் போல. பிறகு கரகரப்பாக. கடைசியில் பாட்டுக்காரன் இழுப்பதுபோல.

தன்னுடையதை விட்டால் ஆறு குரல்.

நானும் ஆட்களைப் போலக் கதைத்துக் காட்டுவதில் கெட்டிக்காரன். மீராவைப் போல, கபோச் சந்தையில் மீன் விற்கிறவனைப் போல. இவர் எனக்குப் போட்டியாக வந்துவிட்டார் என்று கைதட்டினேன். அவர் என் கையைப் பிடித்து அமத்தினார்.

"சத்தம் போடாதை. எண்ணிக்கொண்டு போறான்."

"ஆர் அப்பு?"

"காவல்காரன். ஸெஃப் எங்கடை தட்டிலை கிடக்கிறான். ரெண்டு நாள். ஆருக்கும் சொல்லாதை. பாண் வரட்டும்."

ஸெஃப் அந்த ஆறு பெயரில் ஒன்று. எனக்கு விளங்கியது. மெதுவாக இல்லை. ஒரே அடியில்.

ஏழு பேருக்கு ஏழு பேரின் நிறைக்குப் பாண். ஆறு பேர் என்றால் ஆறு பேரின் நிறைக்கு. விடியமுதல் இருட்டில் கணக்கெடுப்பார்கள். செத்தவனுக்காக ஒருவன் குரல் கொடுப்பான். ஒரு நாள். இரண்டு நாள். பிணம் மணக்கும்வரை. குளிர்காலம் என்பதால் மணக்க நேரம் எடுக்கும்.

ஆகவேதான் "எல்லாரும் இருக்கினம்." அறுபது வருடமாக அவர் பாண் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு ஐம்பது. வெக்கை. என் சட்டை பிழியலாம். கூட்டின் அளவு எனக்கு மூன்று அடி, அவருக்கு மூன்று அடி. கம்பியைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் அவருடைய காவல்காரன் வந்துவிடுவான். நானும் குரலைத் தாழ்த்தினேன்.

"ஸெஃபை எங்கை கொண்டு போவாங்கள்?"

"நாலாம் மதகு. இடக்கரை. மற்ற ஆக்களையும் அங்கைதான். போன கிழமை ஹசனுக்கு நான்தான் வெட்டினன். ஐஸ். மண்வெட்டி இறங்கேல்லை. முழங்கால் ஆழம்தான்."

"மற்ற ஆக்கள்?"

சொன்னார். ஹசன் இருமி இருமிச் செத்தான். நிக்கோலா, அந்தப் பாட்டுக்காரன், கால்வாய்த் தண்ணீரில் நின்று விறைத்தான். பொடியன் ட்ரிதனுக்குப் பத்தொன்பது வயது. வயிற்றோட்டம். பால் என்றவனும் அலி என்றவனும் ஒரே கிழமையில். ஸெஃப் நித்திரையில். திக்குவாய் ஸெஃபுக்குத்தான். "அவன்ரை குரல் குடுக்கிறதுதான் கஷ்டம்" என்றார். "கூடத் திக்கினால் காவல்காரன் டோர்ச் அடிப்பான். குறையத் திக்கினால் சந்தேகப்படுவான்."

பிறகு தன் சட்டை விளிம்பிலிருந்து நூல் ஒன்றை உருவினார். என் பையைக் காட்டினார். பாணை எடுத்துக் கொடுத்தேன். நூலை இறுக்கிப் பிடித்து அறுத்தார். கத்திகூட அப்படி வெட்டாது. எட்டுத் துண்டு. லிஃப்டின் தரையில் வரிசையாக வைத்தார். எட்டாவது எனக்கு. அவருடைய கணக்கில் நானும் அந்தத் தட்டில் படுப்பவன். தன் துண்டை எடுத்தார். மிச்சம் ஏழையும் என் பக்கம் தள்ளினார்.

"நீதான் இளசு. தின். ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

"சொல்லமாட்டன்."

தின்றேன். ஏழு துண்டும். எள்ளு தொண்டையில் ஒட்டியது.

எனக்கு இந்த வேலை பழக்கம். அதை அப்போது அவருக்குச் சொன்னேன். வேறு யாருக்கும் அதுவரை சொல்லவில்லை. பின்னேரம் நாலரை மணி. செல் விழுந்தது. அண்ணன் கேட்டான், "இருக்கிறியா?" "இருக்கிறன்" என்றேன். இன்னொன்று விழுந்தது. இந்தமுறை அவன் கேட்கவில்லை. நான் கேட்டேன். "நீ இருக்கிறியா?" பதில் இல்லை. என் பகிடிக்குத் திருப்பித் தருகிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவனை உள்ளே விட்டுப் பங்கரை அப்படியே மூடினேன். களப்புத் தண்ணீரைக் கடந்து ராணுவத்தின் பக்கம் போனேன். முட்கம்பிக்குள் கூடாரம். பதிகிறவன் வந்தான். எத்தனை பேர்? இரண்டு என்றேன். இரண்டு சாப்பாட்டுப் பார்சல். ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிட்டான். "குகன்?" "கக்கூசுக்குப் போட்டார், ஐயா." என் அண்ணன் பத்தொன்பது நாள் கக்கூசில் இருந்தான். உலகத்தில் யாருக்கும் அப்படி வயிற்றோட்டம் வந்ததில்லை. இருபதாம் நாள் பதிகிறவன் உள்ளே வந்து பார்த்தான். கொப்பியில் எழுதினான். 'காணவில்லை.'

பொய்ப்பதிவு என்று பிடித்தால் அடிப்பார்கள். வாயை மூடினேன். அம்மா என்னைக் கண்டுபிடித்தபோது அந்தப் பதிவும் அவள் கைக்கு வந்தது. தன் மகன் முகாமுக்கு உயிரோடு வந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறாள். வீதியோரப் போராட்டங்களில், காணாமல்போனவர்களின் மற்ற அம்மாமாரோடு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒவ்வொரு ஞாயிறும் நான் போன் எடுப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள். "முகாமிலை அவனை ஆர் கூட்டிக்கொண்டு போனது? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அப்பு எல்லாம் கேட்டார். விளங்கியதோ தெரியாது. "எத்தினை நாள்?" என்றார். "பத்தொன்பது." உதட்டைப் பிதுக்கினார். "கெட்டிக்காரன்."

இரண்டு இருபது. மின்சாரம் வந்தது. லிஃப்ட்காரன் உண்மையிலேயே காலில் மணலோடு வந்தான்.

மேலே அல்பேனியப் பெண்ணின் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆறு பெயரையும் வாசித்தாள். அப்பு தலையாட்டினார். என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கினம்."

அவள் கருவியை அணைத்தாள். பட்டியலை மடித்தாள். ஸெஃபின் தங்கச்சி இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று மீராவிடம் சொன்னாள். தப்பியோடியவன் என்றால் எங்கோ வெளிநாட்டில் இருப்பான், கடிதம் போடுவான் என்று அறுபது வருடமாக வீடு மாறவில்லையாம்.

என் அம்மாவும் சிம் மாற்றவில்லை.

ஆருக்கும் சொல்லமாட்டன் என்று நான் சத்தியம் பண்ணியிருந்தேன். பாணும் தின்றிருந்தேன். பல்கனிக்குப் போய் நின்றேன். திரும்பி வந்தேன்.

"கருவியைப் போடுங்கோ" என்றேன். "அவர் லிஃப்டுக்குள்ளை சொன்னவர்."

நாலாம் மதகு. இடக்கரை. முழங்கால் ஆழம். யார் எப்படி. எல்லாம் சொன்னேன். ஆறு குரலையும் செய்து காட்டினேன். திக்குவாயும். மூன்று தடவை முட்டி, நாலாவதில். மீரா வாயைப் பொத்தினாள். அப்பு கதிரையில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் 'அப்பு' என்று கூப்பிட்டும் திரும்பவில்லை.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அம்மாவுக்கு எடுத்தேன். அவள் கேட்கமுதல் சொன்னேன். அண்ணன் முகாமுக்கு வரவில்லை. அந்தக் கடதாசி என் பொய். கக்கூசுக் கதையையும் சொன்னேன். லைனில் வீட்டுக் கூரைத் தகரம் காற்றுக்கு அடிக்கிற சத்தம். பிறகு கேட்டாள்.

"எத்தினை மணிக்கு?"

"நாலரை."

"எவடத்திலை?"

சொன்னேன். தென்னை. கடலிலிருந்து எத்தனை அடி. எந்தப் பக்கம் தலை.

"சாப்பிட்டிருந்தவனோ?"

"கஞ்சி குடிச்சவன். என்ரையிலும் பாதி."

"நாயே" என்றாள். "அஞ்சு வருஷம் என்னைக் கக்கூசுக்கு வெளியிலை நிப்பாட்டி வைச்சிருந்திருக்கிறாய்." கட் பண்ணினாள். அடுத்த ஞாயிறு நான் எடுக்கமுதல் அவளே எடுத்தாள்.

திக்குவாய்க்காரனின் தங்கச்சி என் குரலை மூன்று தடவை போட்டுக் கேட்டாளாம். மதகு இருந்த இடம் இப்போது சோளக்காடு. தோண்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அப்பு அடுத்த மாசியில் போனார். நித்திரையில். காலையில் நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவருக்காக நான் குரல் கொடுக்கவில்லை. உடனே மீராவை எழுப்பினேன்.

எண்ணிக்கை இது. ஹசன். நிக்கோலா. ட்ரிதன். பால். அலி. ஸெஃப். அவர்களோடு பெத்ரித். அந்தத் தட்டில் ஏழு பேர் படுத்தார்கள். இப்போது ஒருவரும் இல்லை. எங்கள் பங்கரில் இரண்டு பேர். குகன் இல்லை. செத்தவர்களின் பங்கு என்று நான் தின்றது ஆறு துண்டுப் பாண், பத்தொன்பது பார்சல்.

நான் இருக்கிறன்.