பாவம் செய்யாத வண்டி

— சீரியஸா சொல்றேன் கதிர்வேலு, குறிச்சு வச்சுக்க. இன்னைய தேதிக்கு இந்தக் கடலூர் மாவட்டத்துல பாவமே செய்யாத வண்டின்னு ஒண்ணு உண்டுன்னா, அது என் வண்டிதான்.

— சரி மச்சான். இப்ப அது ஓடவும் இல்ல. பாவம் செய்யறதுக்கு அதுக்கு வழியும் இல்ல.

— சார்ஜ் எறங்கிடுச்சு. அதுக்குப் பேரு ஓடலன்னு இல்ல மாமா. ஓய்வு.

— வரப்போரமா சாஞ்சு நிக்குது. பாத்தா ஓய்வு மாதிரி தெரியல. ஒடம்பு சரியில்லாத மாதிரி தெரியுது.

— செம்மண்டலத்துல வீட்டை விட்டு எடுக்கும்போது நூறு காட்டுச்சு. கம்பெனிக்காரன் சொன்ன தூரத்துக்கு இந்நேரம் கம்மாபுரம் தாண்டி சிதம்பரமே போய்ச் சேர்ந்திருக்கணும்.

— கம்பெனிக்காரன் தனியா, மெதுவா, சமதரையில ஓட்டிப் பாத்திருப்பான். நீ எதிர்க்காத்துல, முன்னாடி ஒரு பேனரு, பின்னாடி ரெண்டு பூந்தொட்டி கட்டிக்கிட்டு முறுக்கிக்கிட்டு வந்திருக்க ஜெபஸ்டின்.

— அது ஊர்வலத்துக்கு. நாலு மணிக்கு காலேஜ் கேட்லேருந்து பசுமை வாகன ஊர்வலம் கிளம்புது. முதல் வண்டி என்னுது. பசுமை மன்றத் தலைவர்னா சும்மாவா. அது முடிஞ்சதும் போன மாசம் போட்ட நாடகத்துக்கு முதல் பரிசு. உன்னையும் கூட்டிட்டுப் போவலாம்னு இவ்ளோ தூரம் சுத்தி வந்தேன் பாரு, என் நட்பைச் சொல்லணும்.

— அந்த நட்பாலதான் ரெண்டு பேரும் வயக்காட்டுல உக்காந்திருக்கோம். என் பைக்குல வா. ஒண்ணேகால் மணி நேரத்துல சிதம்பரம்.

— பெட்ரோல் வண்டியில, பின் சீட்டுல, நானு. பூந்தொட்டிய மடியில வச்சுக்கிட்டு. நாளைக்கு எவன் என்னை மதிப்பான்.

— வெறும் பெட்ரோல்னு சொல்லாத தலைவரே. அதுல இப்ப அஞ்சுல ஒரு பங்கு எத்தனாலாம்.

— அது நல்ல விஷயம்தானே.

— நல்ல விஷயம்தான். பழைய வண்டி, அதுக்குத்தான் ஒத்துக்கல. காலையில எழுப்புனா இருமுது. முன்ன மாதிரி லிட்டருக்கு தூரமும் குடுக்கல. அத விடு. எத்தனால் எங்கேருந்து வருது?

— கரும்புலேருந்து.

— கரும்புக்குத் தண்ணி?

— வாய்க்கால்லேருந்து.

— வாய்க்கால்லேருந்து மேட்டு வயலுக்கு அது நடந்து வருமா? எங்கப்பா டீசல் இன்ஜின் வச்சு ஏத்துறாரு. என் பைக்கு ஒரு வாய் கரும்பு குடிக்குதுன்னா, அதுக்கு முன்னாடி இன்ஜின் ஒரு வாய் டீசல் குடிச்சிருக்கு.

— கேஸுக்குப் போயிடலாம். எங்க மரியலூர்து சித்தப்பா ஆட்டோவ கேஸுக்கு மாத்திட்டாரு. புகை கம்மி, செலவும் கம்மி.

— சந்தோஷமா இருக்காரா?

— கேஸ் பங்குல லைன்ல நிக்குறாரு. எப்ப போன் பண்ணாலும் லைன்லதான் நிக்குறாரு. அதனாலதான் சொல்றேன், கரண்டுதான் முடிவு.

— உன் பேட்டரி ஆயுசு முடிஞ்சா? வண்டி வெலையில பாதி ஆவுமாமே.

— வாரண்டி இருக்கு.

— வாரண்டி முடிஞ்சா?

— அப்ப வேலைக்குப் போயிருப்பேன். பேச்ச மாத்தாத மாமா. ஊருக்குள்ள ஏதாவது ஒரு வீட்டுல பிளக்கு கேளு. சார்ஜர் சீட்டுக்கு அடியில இருக்கு.

— எல்லா வீட்டுலயும் பிளக்கு இருக்கு. கரண்டுதான் இல்ல. மாசாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் வரும்.

— அதோ மின்சாரம் தயாரிக்கிற எடம் கண்ணுக்குத் தெரியுது. இங்க கரண்டு இல்லையா?

— அது வெளியூருக்குப் போறது. எங்கப்பா மோட்டாருக்கு இலவச மின்சாரம் கேட்டு எழுதிக் குடுக்கும்போது நான் எட்டாவது படிச்சேன். இப்ப டிகிரி மூணாவது வருஷம். இன்னும் வரிசை வரல. சும்மா உக்காந்திருந்தா வயலு காஞ்சிடுமேன்னு டீசல் இன்ஜின் வாங்குனாரு. நீ என்னமோ ஆசைக்கு வச்சிருக்காருன்னு நெனச்ச.

— அந்தப் பெரிய புகைபோக்கி...

— உன்னுதுதான்.

— என்னாது?

— உன் வண்டிக்கும் சைலன்சர் இருக்கு மச்சான். நீளம் கொஞ்சம் ஜாஸ்தி. செம்மண்டலத்துல ஆரம்பிச்சு எங்க ஊருல வந்து முடியுது.

— சீரியஸா சொல்றேன், எல்லாத்தையும் கணக்கு போட்டுப் பாத்தாலும் என் வண்டி விடுற புகை உன் பைக்க விடக் கம்மிதான். படிச்சுட்டுத்தான் பேசுறேன்.

— கம்மின்னா நானும் ஒத்துக்கறேன். கம்மின்னு நாடகம் போட்டிருந்தா ஒரு பய கைதட்டியிருக்க மாட்டான். நீ சுத்தம்னு போட்ட.

— சரி, விடு. உங்கப்பா எங்க போனாரு? வந்ததும் டீ குடுத்தாரு, வண்டிய சுத்திப் பாத்தாரு, மொபெட்ட எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு.

— ரேடியோ செட்டு வச்சிருக்காரே சுப்பராயலு, அவருகிட்ட டைனமோ கேட்டு வாங்கியாறப் போயிருக்காரு. இன்ஜினுக்கும் டைனமோவுக்கும் பெல்ட்டு போட்டா கரண்டு வரும். எங்க ஊர் திருவிழாவுல சீரியல் லைட்டே அப்படித்தான் எரியும். உனக்கு சார்ஜ் போட்டுக் குடுக்கணுமாம்.

— எந்த இன்ஜின்ல?

— எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு.

— ராசாத்தியா?

— பேரை நல்லா ஞாபகம் வச்சிருக்க.

— வேணாம் மாமா. டீசல்ல சார்ஜ் ஏத்திக்கிட்டு பசுமை ஊர்வலத்துல முதல் வண்டியா போறதா.

— யாருக்குத் தெரியப் போவுது. எனக்கும் அந்த ரெண்டு கொக்குக்கும்.

— அதில்ல. அவரு மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது.

— காலையில டீ வாங்கும்போது பாத்தியே.

— டம்ளரத்தான் பாத்தேன்.

— நானும் கவனிச்சேன். பொங்கலுக்கு வந்து எங்க வீட்டுல நாலு நாள் தங்குனப்போ அப்படி இல்ல. விடியக்காலையில எந்திரிச்சு அவரு பின்னாடியே இங்க வந்து நிப்ப. டவுனு புள்ள எவ்ளோ ஆசையா பாக்குதுன்னு எங்கம்மாவுக்கு ஒரே பெருமை. நீ வசனம் எடுத்துக்கிட்டு இருந்திருக்க.

— அப்ப நாடகம்னு நெனைக்கவே இல்ல மாமா, சத்தியமா. புடிச்சிருந்துச்சு, பாத்தேன். அப்புறம் மேடைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான்.

— புகையப்பன். தலையில முண்டாசு, மூஞ்சியில கரி, கையில ஹேண்டிலு. இன்ஜின் மேல பழைய பொடவ. அத எடுத்து மடிச்சு வச்சுட்டு, இன்ஜின தொட்டுக் கும்புட்டு, ஒண்ணு சொன்னியே.

— அத இப்ப சொல்லாத.

— "எழுந்திரு ராசாத்தி. புள்ளைக்கு நேரமாச்சு." மொத்த ஆடிட்டோரியமும் சிரிச்சுது. சிரிக்குறாங்கன்னு திரும்பத் திரும்பச் சொன்ன. கடைசியில மைக்கப் புடிச்சுக்கிட்டு, இடுப்ப நெளிச்சு, பொண்டாட்டியக் கொஞ்சற மாதிரி.

— மாமா, போதும்.

— அதுல புள்ளைன்னா யாருன்னு தெரியுமா உனக்கு? நான். எனக்குக் காலையில ஸ்கூல் பஸ்ஸு. இங்க தண்ணி பாய விட்டுட்டு வந்தாத்தான் அவரு என்னை மெயின் ரோட்டுல கொண்டு போய் விட முடியும். இன்ஜின் எடுக்கலன்னா எனக்கு லேட்டு, கிளாஸ் வாசல்ல நிக்கணும். அதுக்குத்தான் அவரு தினமும் அதுகிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தாரு. நான் ஸ்கூல் முடிச்சும் அவருக்கு அந்தப் பழக்கம் போவல.

— நீ ஏன் ஒத்திகையிலயே சொல்லல? சொல்லியிருந்தா அந்த எடத்தையே எடுத்திருப்பேனே.

— என்னான்னு சொல்லச் சொல்ற? புகையப்பன்னு யாரும் இல்ல, சாமிக்கண்ணுன்னு ஒருத்தரு இருக்காரு, அவரு எங்கப்பான்னா? நம்ம கிளாஸ் மாலதி கண்ணுல தண்ணி வர சிரிக்குது. இது யாராவது நெசமான ஆளான்னு என்னையத்தான் கேட்டுச்சு. ஜெபஸ்டினோட கற்பனைன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்.

— மாமா...

— இன்னும் கேளு. திரைக்குப் பின்னாடி நின்னு இன்ஜின் சத்தம் போட்டது யாரு?

— நீ.

— டுக்கு டுக்குன்னு. அந்தச் சத்தம் காலேஜ்லயே எனக்கு மட்டுந்தான் சரியா வரும். கேட்டு வளந்த சத்தம். கடைசியில இன்ஜின் செத்துப் போவணும்னு சொன்ன. இருமி இருமி அதையும் சாவடிச்சேன். பரிசு உன் வசனத்துக்கு மட்டும் இல்ல, என் சத்தத்துக்கும் சேத்துத்தான். அதனால உன்னத் திட்ட எனக்கு யோக்கியதை இல்ல. சும்மா கிண்டல் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

— அவருக்குத் தெரியாதுல்ல?

— நீதானே போன் போட்டுக் கூப்பிட்ட. கண்டிப்பா வாங்கப்பா, நாடகம் போடுறோம்னு.

— எப்பவும் பேசற மாதிரி வாயில வந்துடுச்சு. போன வச்சப்புறம்தான் என்னா பண்ணேன்னு ஒறைச்சுது.

— வரல. நடவு இருக்குதுன்னுட்டாரு. அன்னைக்கு நான் வீட்டுக்குப் போனதும், நாடகம் எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டாரு. நல்லா இருந்துச்சுன்னேன். சரின்னு சாப்புட உக்காந்துட்டாரு.

— தப்பிச்சேன்.

— தப்பிச்சோம்னு சொல்லு.

— இப்பவும் அவரு அப்படித்தான் எழுப்புறாரா? அந்த... அதைச் சொல்லி?

— இல்ல. போன மாசத்துலேருந்து சொல்றதில்ல. பொடவைய எடுக்குறாரு, பேசாம சுத்துறாரு. முன்னல்லாம் ஒரே சுத்துல எடுக்கும். இப்ப நாலஞ்சு தடவ சுத்த வேண்டியிருக்கு. டீசல் பீச்சுற நாஸில் போயிருக்கும்னு நெனைக்கிறேன்.

— நாஸிலாத்தான் இருக்கும்.

— நாஸிலாத்தான் இருக்கணும் மச்சான்.

— மொபெட்டு சத்தம் கேக்குது.

— அப்பாதான். எந்திரி. மூஞ்சியத் தொடைச்சுக்க.

— என்னா தம்பி, ரெண்டு பேரும் இப்படி வெயில்ல உக்காந்திருக்கீங்க. அந்த வேப்பமரத்தடிக்குப் போவக்கூடாதா.

— பரவால்லப்பா.

— சுப்பராயலு நல்ல மனுசன். ஊமங்கலத்துல ஒரு காதுகுத்துக்குப் போவ வேண்டிய டைனமோ. சாயங்காலத்துக்குள்ள வந்தாப் போதும்னு தூக்கிக் குடுத்துட்டான். டேய் கதிரு, ஒரு கை புடி. மெதுவா. பெல்ட்டு மொபெட்டுப் பையில இருக்கு பாரு.

— எதுக்குப்பா இவ்ளோ சிரமம். நான் பஸ்ல போயிடறேன்.

— வண்டியோடதான் போயி நிக்கணும்னு காலையில சொன்னியே. பரிசு வாங்கப் போற புள்ள பஸ்ல தொங்கிக்கிட்டா போவும். டீசல் ரொப்பி வச்சிருக்கேன். ரெண்டு மணி நேரம் ஓடவிட்டா சிதம்பரம் எட்டாது?

— எட்டும்பா.

— அப்ப இன்ஜின் மேல இருக்குற பொடவைய எடு தம்பி. கீழ போடாத, மண்ணாவும். மடிச்சு வையி.

— மடிச்சுட்டேன்ப்பா.

— கதிரு லிவர புடிச்சுக்கட்டும். டைனமோவத் தூக்குனதுல எனக்குத் தோள்பட்ட புடிச்சுக்கிச்சு, நீதான் சுத்தணும். இந்தா ஹேண்டிலு. கட்டவெரல மத்த வெரலோட சேத்து வச்சுக்க, திருப்பி அடிச்சா ஒடச்சிடும். ம், சுத்து.

— எடுக்கலப்பா.

— இன்னொரு தடவ.

— எடுக்க மாட்டேங்குது. நாஸில் போயிருக்கும்னு கதிரு சொன்னான்.

— நாஸிலுக்கு ஒண்ணும் இல்ல, பொங்கலுக்கு அப்புறம்தான் புதுசு மாத்துனேன். சும்மா சுத்துனா அவ எடுக்க மாட்டா தம்பி.

— வேற என்னாப்பா செய்யணும்?

— அத நான் சொல்லணுமா. வசனம் உனக்குத்தான் மனப்பாடமாச்சே. கடைசி வரிசையில உக்காந்திருந்தேன், அங்க வரைக்கும் தெளிவாக் கேட்டுச்சு.

— அப்பா, நீ நடவுன்னு சொன்னியே. வரலன்னியே.

— ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுட்டு வந்தேன். புள்ள போன் போட்டுக் கூப்பிட்டுச்சு, எப்படிப் போவாம இருக்குறது. திரைக்குப் பின்னாடி நம்ம வீட்டுச் சத்தம் கேக்குதேன்னு அப்பவே பாத்தேன். நீ லிவர விட்டுடாத, நல்லா புடி.

— அப்பா, நான் வந்து...

— அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் தம்பி. மைக்குல சொன்ன மாதிரி சத்தமா வேணாம். மெதுவாச் சொன்னாப் போதும், அவளுக்குக் கேக்கும்.

— எழுந்திரு ராசாத்தி... புள்ளைக்கு நேரமாச்சு.