பத்து மணி வரைக்கும் தண்ணீர் வரும்

கல் தகரத்தில் விழுகிறது. ஒன்று. அப்புறம் நான்கைந்து சேர்ந்தாற்போல். அப்புறம் எண்ண முடியவில்லை.

"ஓடு புள்ள! பாப்பாவைத் தூக்கிட்டு ஓடு!"

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. இரண்டு வயது கவிதா இடுப்பில். என் வீட்டுக்காரர் பின்னால் வருகிறார். ஜல்லிக் குவியலைத் தாண்டும்போது ஒரு சத்தம். காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம். திரும்பிப் பார்க்கிறேன். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே மடங்கக்கூடாத பக்கம் மடங்கித் தொங்குகிறது. அவர் மேல் இரும்புக் கம்பியை எறிந்தவன் பின்பக்க வேலிக்கு வெளியே நிற்கிறான். வேலி இன்னும் விழவில்லை.

1991 டிசம்பர். வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்கால். மைசூர்.

காவிரித் தண்ணீர் யாருக்கு என்று எங்கேயோ பெரியவர்கள் சண்டை போட்டார்கள். கல் எங்கள் தகரத்தில் விழுந்தது. நாங்கள் மேட்டூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர் கொத்தனார். நான் சித்தாள். மூன்று மாடி வீடு ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். அந்த வளாகத்திலேயே தகர ஷெட்டு போட்டுக் குடியிருந்தோம். மற்ற தமிழ்க் குடும்பங்கள் முந்தின நாளே லாரி பிடித்துப் போய்விட்டன. நாங்கள் போகவில்லை. காரணம் என் வீட்டுக்காரரின் கொத்தனார் புத்தி.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்கு அப்போதுதான் உள்பூச்சு முடித்திருந்தார். பூச்சு ஈரத்திலேயே இருக்க வேண்டும். காய்ந்தால் வெடித்துவிடும். "ரெண்டு நாள் தண்ணி கட்டிட்டுப் போயிரலாம் புள்ள" என்றார். ஊரே பற்றி எரிகிறது. இவருக்குப் பூச்சுக் கவலை. திட்டினேன். கேட்கவில்லை.

அதோடு விட்டாரா? வியாழக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேன் நிங்கண்ணாவிடம் மூன்று தடவை சொன்னார். "நாளைக்கு பந்த். நாங்க மாடியில ஒளிஞ்சிருப்போம். என்ன நடந்தாலும் சரி, காலையில தொட்டி வால்வைத் திறந்து விட்ருங்க." நிங்கண்ணா நஞ்சன்கூடு பக்கத்துக் கன்னடக்காரர். ஐம்பது வயது. சொன்னால் சொன்னதைச் செய்கிறவர். தலையை ஆட்டினார்.

மாடிக்குத்தான் ஓடினோம். படியில் கால் வைத்ததும்தான் உறைத்தது. மாடியில் வெறும் தூண்கள். சுவர் இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் எலி கூடத் தெரியும்.

"தொட்டிக்குள்ள குதி!"

குதித்தேன். எட்டுக்கு ஆறு. ஆழம் ஏழடி. அவர் ஒற்றைக் கையால் குழந்தையை இறக்கினார். பிறகு அவரும் குதித்தார். இடது கையை உயர்த்தி, வாய் மேல் கிடந்த சென்ட்ரிங் பலகையை இழுத்து மூடினார். இருட்டு. ஈரச் சிமெண்டு வாசனை. பலகை இடுக்கில் ஒரு விரல் அகலம் வெளிச்சம். நாங்கள் நினைத்தது ஒன்றுதான். தப்பித்தோம்.

ஏழு மணி. சுவரில் பதித்த இரும்புக் குழாய் இருமியது. காற்று வந்தது. பிறகு தண்ணீர்.

நிங்கண்ணா வால்வைத் திறந்து வைத்திருக்கிறார். என்ன நடந்தாலும் சரி என்றுதானே சொன்னோம்.

அவரைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதற்குள் முன் கேட்டில் சத்தம். நிறையக் கால்கள். இரும்பு கேட் ஆடுகிற சத்தம்.

"யாரிதாரோ ஒளகே?" உள்ளே யார்டா என்று கேட்கிறார்கள்.

நிங்கண்ணாவின் குரல். "யாரூ இல்ல ஸ்வாமி. நென்னேனே ஹோதரு." நேற்றே போய்விட்டார்கள் என்கிறார். மறுபடி அதே கேள்வி. மறுபடி அதே பதில். பிறகு ஏதோ விழுந்தது. பிறகு கேட் திறந்தது. அவர் குரல் அதற்குமேல் கேட்கவில்லை.

பயந்து ஓடிவிட்டார் என்று நினைத்தேன்.

தலைக்கு மேல் நடக்கிறார்கள். பாட்டில் உடைகிறது. ஷெட்டுப் பக்கம் தீ சடசடவென்று பிடிக்கிறது. ஒருவன் பலகை மேலேயே நின்று சிரிக்கிறான். மணல் உதிர்ந்து என் கண்ணில் விழுகிறது. முந்தானையைக் கிழித்துக் குழாய் வாயில் திணித்தேன். பீய்ச்சி எறிந்தது. மறுபடி திணித்தேன். மறுபடி எறிந்தது.

ஏழரை. கணுக்காலுக்கு மேல். எட்டு. முழங்காலைத் தாண்டிவிட்டது. டிசம்பர் மாதத் தண்ணீர். எலும்பில் ஊசி குத்துகிறது.

அவர் கைக்கடிகாரத்தை வெளிச்ச இடுக்கில் காட்டினார். அதைக் கழற்றி என் கையில் மாட்டிக்கொண்டேன். அவர் என் காதில் சொன்னார். "கார்ப்பரேஷன் தண்ணி பத்து மணிக்கு நின்னுரும். தினமும் பத்து மணிதான்." பந்த் அன்றைக்கும் பத்து மணிதானா? அவருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை நான்.

எட்டே முக்கால். இடுப்பு. குழந்தையைத் தோளுக்கு ஏற்றினேன். மேலே இருந்தவர்கள் போகவில்லை. எங்கள் ஷெட்டில் இருந்த அரிசியைக் கொட்டி மிதிக்கிறார்கள் போல. ஏதோ ஒரு வானொலி பாடுகிறது. கவிதா அழவில்லை. என் விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள். பல் தட்டுகிறது அவளுக்கு.

ஒன்பதே கால். மார்பு. அவர் மூலையில் சாய்ந்து நின்றார். கண் செருகிவிட்டது. முறிந்த கை தண்ணீரில் மிதந்தது. முழங்கால் மடங்கிச் சரியப் போனார். இடுப்பால் முட்டுக் கொடுத்து அவரைச் சுவரோடு நிறுத்தினேன். குழந்தையைத் தலையில் ஏற்றினேன். கிழிந்த முந்தானைதான் சும்மாடு. அவள் தலை மேல்தளத்தில் இடித்தது. குனிந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

சாந்துச் சட்டி ஒரு நாளைக்கு இருநூறு தடவை ஏற்றுகிற தலை இது. ஆனால் சட்டியை இறக்கலாம். ஏறின கையோடு கொட்டிவிட்டுத் திரும்பலாம். இதை எங்கே இறக்குவது?

ஒன்பதரை. தோள். கை மரத்துவிட்டது. கழுத்து நரம்பு அறுந்துவிடும் போல இருந்தது. நான் நிங்கண்ணாவைச் சபித்தேன். பாவி, திறக்கத் தெரிந்தவனுக்கு மூடத் தெரியாதா? உன் குடும்பம் விளங்குமா? மனசுக்குள்தான். ஆனால் வயிறெரிந்து சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்புறம் மாரியம்மனைத் திட்டினேன். ஷெட்டுக்குப் பக்கத்தில் மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசி வைத்திருந்தோம். அவளைத்தான் தினமும் கும்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்குவேன். என்னடி ஆத்தா, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? அவ்வளவுதான் என்றேன். முடியவில்லை. விட்டுவிடுகிறேன். மூன்று பேரும் சேர்ந்தே போகிறோம்.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். கையைத் தளர்த்தினேன். குழந்தை ஒரு பக்கம் சரிந்தாள். அவள் பாதம் என் கன்னத்தில் உரசியது. ஈரமாக, சில்லென்று.

அப்போது நினைவு வந்தது. ஆடி மாதம். ஊரில் பால்குடம். பதினோரு வயதிலிருந்து எடுக்கிறேன். மஞ்சள் சேலை, நனைந்த தலை, பால் தளும்பிக் கன்னத்தில் வழியும். தலையில் ஏற்றிய குடத்தை ஆத்தா வாசல் வரும்வரை இறக்கக்கூடாது. வெயில் கொளுத்தினாலும் கூடாது. ஒரு வருஷம் காய்ச்சலோடு எடுத்தேன். பாதி வழியில் கால் பின்னியது. அன்றைக்கு யார் என்னை நடத்தினார்கள்? நானா நடந்தேன்?

சொன்னேன். ஆத்தா, இது என் குழந்தை இல்லை. உன் பால்குடம். சுமக்கிறது என் வேலை. இறக்குகிற இடம் உன் பொறுப்பு.

கவிதாவிடம் கிசுகிசுத்தேன். "ஆடாம உக்காரு சாமி. நீதான் பால்குடம்."

படித்தவர்கள் இதற்கு வேறு காரணம் சொல்லலாம். சொல்லட்டும். என் கழுத்து நிமிர்ந்தது. கை மறுபடி மேலே போனது. குளிர் விட்டது. வலி அப்படியே இருந்தது. ஆனால் அது வேறு யாருக்கோ வலிப்பது போல ஒதுங்கி நின்றது. என்னிடம் இருந்த பலம் ஒன்பதரைக்கே தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நின்றது ஆத்தா கொடுத்த பலத்தில். எந்தக் கோயிலில் கேட்டாலும் சூடம் அணைத்துச் சொல்வேன்.

பத்து. முகவாய். தண்ணீர் நிற்கவில்லை.

பத்து ஐந்து. உதட்டை மூடிக்கொண்டேன். மூக்கால் மூச்சு. அவர் தலையை என் தோளால் தூக்கிப் பிடித்தேன்.

பத்து எட்டு. குழாய் விக்கியது. ஒரு தடவை. இரண்டு தடவை. நின்றது.

மேலே வானொலிச் சத்தம் தூரமாகிப்போனது. கேட் அடித்துக்கொண்டது. அமைதி. அவர் கண்ணைத் திறந்தார். நல்ல கையால் பலகையைத் தள்ளினார். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. குழந்தையை மேலே ஏற்றி உட்கார வைத்தேன். அப்போதுதான் என் கை தலையிலிருந்து இறங்கியது.

ஏறி வந்தேன். ஓடுவதற்குக் கேட்டைப் பார்த்தேன்.

கேட்டுக்கு உள்பக்கம், வால்வுக்குக் கிட்டே நிங்கண்ணா குப்புறக் கிடந்தார். தலை பிளந்திருந்தது. கேட்டிலிருந்து அவர் கால் வரைக்கும் மண்ணில் இழுத்த தடம். ஊர்ந்திருக்கிறார். வலது கை வால்வுக்கு ஒரு சாண் தூரத்தில் நீண்டு கிடந்தது.

உயிர் இருந்தது. புரட்டினேன். என் நனைந்த சேலையைப் பார்த்தார். கவிதாவைப் பார்த்தார். தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாங்கள் மாடியில் இருக்கிறோம் என்றல்லவா அதுவரை நினைத்திருந்தார். அந்த மாடிப்படிக்கு யாரும் போகக்கூடாது என்றுதானே கேட்டை மறித்து நின்றார். திறந்துவிட்ட வால்வை மூடுவதும் தன் வேலை என்றுதான் அடிபட்ட பிறகும் ஊர்ந்திருக்கிறார்.

"நீரு நில்ஸோக் ஆக்லில்ல, தாயி" என்றார். தண்ணீரை நிறுத்த முடியவில்லையாம். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

எதிர்வீட்டு அம்மா, அவரும் கன்னடக்காரர்தான், ஓடி வந்து நிங்கண்ணா தலையில் துணி கட்டினார். அவரைப் போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள். எங்களை லாரியில் எல்லையில் இருக்கிற பாலாறு தாண்டி அனுப்பினார்கள். மேட்டூர் முகாமில் இருந்தபோது எதிர்வீட்டு அம்மா எழுதிய கடிதம் வந்தது. நிங்கண்ணா மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

போனவற்றைச் சொல்கிறேன்.

தகர ஷெட்டு ஒன்று. அதில் இருந்தது எல்லாம். ஒரு மூட்டை அரிசி. கவிதாவின் தூளிச் சேலை. கல்யாண போட்டோ ஒன்று. வேறு பிரதி இல்லை.

என் வீட்டுக்காரரின் வலது கை. எலும்பு கோணலாகச் சேர்ந்தது. பூசுகிற கரணையைப் பிடிக்க முடியவில்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

செங்கல் மூன்றும் போகவில்லை. நட்டபடி நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

மனிதர் ஒருவர். நிங்கண்ணா. அவருக்கு மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள் என்று அந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் மண்டை உடைந்து வால்வை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த நேரமும், நான் உள்ளே நின்று அவர் குடும்பம் விளங்காது என்று சபித்த நேரமும் ஒன்றே. அந்தச் சாபங்களை நான் எண்ணி வைக்கவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் பால்குடத்தைத் தலையில் ஏற்றும்போது, ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள் ஆத்தா என்று கேட்கிறேன்.